பதினேழாம் துளை

அணைக்குள் இறங்க இருநூற்றுப் பதினான்கு படிகள். கசிவுக்காரம்மா அவற்றை எண்ணுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. எண்ணும் வேலையை முழங்கால்கள் எடுத்துக்கொண்டன. நூற்றைத் தாண்டும்போது இடது முட்டி ஒரு தரம் ‘களுக்’ என்னும். நூற்றைம்பதில் வலது முட்டி பதில் சொல்லும். இரண்டும் பேச்சை நிறுத்தினால் அடித்தளம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கீழே, அணையின் வயிற்றுக்குள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு சுரங்கவழி போகும். கேலரி என்பார்கள். ஆள் நிமிர்ந்து நடக்கலாம். எதிரே இன்னொருத்தர் வந்தால் ஒருவர் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டும். வெயில் காலத்திலும் அங்கே குளிரும். பேசினால் பேச்சு நாலு தடவை திரும்பி வரும். அதனால் அவள் அங்கே யாரையும் திட்டுவதில்லை.

அணை என்றால் கசியும். கசியாத அணை கிடையாது, கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மலை மாதிரி தண்ணீர் நிற்கும்போது அதில் கொஞ்சம் பாறை வெடிப்புகளில் புகுந்து அணையின் அடியில் போய்ச் சேரும். சேர்ந்தது சும்மா இருக்காது. தலைக்கு மேலே இருப்பதைத் தூக்கிப் பார்க்கும். அப்படித் தூக்காமல் இருக்கத்தான் கட்டினவர்கள் கேலரித் தரையில் பாறை வரைக்கும் நாற்பத்தாறு துளைகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதி வைத்திருந்தார்கள். அடியில் சேரும் தண்ணீர் துளை வழியாகப் பொங்கி, ஓரத்து வாய்க்காலில் ஓடி, கடைசியில் ஓர் இரும்புப் பலகையில் வெட்டிய முக்கோணத்தின் வழியாக விழும். முக்கோணத்தில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. கூடவே, அடியில் எவ்வளவு அழுத்தம் என்று காட்டும் நாலு மீட்டர்களின் ஊசிகளையும் பார்த்து எழுதுவாள். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். பத்தொன்பது வருடம்.

மேலே மதகுகளைத் திறந்து மூடுகிறவர் அவள் கணவர், ஷட்டர்காரர். ஒன்பது ஷட்டரையும் ஒரு சொட்டு ஒழுகாமல் மூடத் தெரிந்த மனுஷனுக்கு வாய் என்கிற பத்தாவது ஷட்டரை மட்டும் மூடத் தெரியாது என்பது அலுவலகத்தில் பழைய வேடிக்கை. தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்தால் அடுத்தவர் தேநீர் ஆறிப்போகும். அப்படிப்பட்டவர் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு நாற்பத்தொரு நாள் மூச்சு விடாமல் இருந்தார். அதுதான் இங்கே சொல்ல வந்தது.

அந்த வருடம் மழைக்கு முன்னால் அவள் கால் படுத்திவிட்டது. வருடக்கணக்காகத் தண்ணீரில் நின்று விரலிடுக்கெல்லாம் வெந்து, ஒரு நாள் குதிகால் வெடிப்பில் சீழ் வைத்துக் காய்ச்சலே வந்துவிட்டது. மருத்துவர் மூன்று வாரம் காலை நனைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மூன்று வாரமும் அவளுக்குப் பதிலாக ஷட்டர்காரர்தான் கீழே இறங்கி அளவு எடுத்தார்.

திரும்பி வந்த அன்று முக்கோணப் பலகைக்குப் பக்கத்தில் அவள் எப்போதும் நிற்கும் இடம் காய்ந்திருந்தது. உள்ளங்கால் நனையாமல் நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் அடங்கி ஒடுங்கி ஓடியது. ஒன்பதரைக்குப் பக்கத்தில் நின்ற அளவு ஆறே காலுக்கு வந்திருந்தது. முக்கோணத்தில் உயரம் அவ்வளவு இறங்கினால் ஓடும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான் என்று கணக்கு.

“பாத்தியா, நான் எறங்கினதும் தண்ணியே பயந்துடுச்சு,” என்றார் ஷட்டர்காரர், வீட்டில்.

“உங்க பேச்சைக் கேட்டு ஓடியிருக்கும்,” என்றாள் அவள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? புண் ஆறியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் செருப்போடு நின்று அளவு எடுத்தாள். ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. சின்ன இன்ஜினியர் அதைவிடச் சந்தோஷப்பட்டார். நேற்றுத்தான் பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி முகம் அவருக்கு. ‘சீரிய பராமரிப்பினால் கசிவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது’ என்று மேலே எழுதி அனுப்பினார். மாநிலத்தின் தொண்ணூற்றுமூன்று அணைகளையும் பார்த்துவர ஒரு குழு போட்டிருந்த நேரம் அது. உடனே கவனிக்க வேண்டியவை, காத்திருக்கக் கூடியவை, கவலையில்லாதவை என்று மூன்று பட்டியல். கவலையில்லாத பட்டியலில் போனால் பத்து வருடத்துக்கு யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். கூட்டத்தில் இந்த அணையைக் காட்டி, “இப்படியல்லவா வைத்திருக்க வேண்டும்” என்று பேசினார்களாம். பெரிய இன்ஜினியர் அலுவலகத்துக்கே வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பிறகு மழை பிடித்தது. எட்டு நாளில் ஏரி பதினோரு அடி ஏறியது.

ஏரி ஏறினால் கசிவும் ஏற வேண்டும். அவள் எத்தனையோ மழையைப் பார்த்தவள். இது தெரியாமல் இருக்குமா? முக்கோணத்தில் தண்ணீர் ஆறேகாலை விட்டு ஒரு நூல் ஏறவில்லை. மூன்றாவது மீட்டரின் ஊசி மட்டும், வருடக்கணக்கில் இரண்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தது, மூன்றரைக்கு வந்து நின்றது. கண்ணாடியைத் தட்டினாள். ஊசி ஒரு நடுக்கம் நடுங்கி மூன்றரையிலேயே நின்றது.

டார்ச்சைக் கடித்துக்கொண்டு, புத்தகத்தை மீட்டரின் தலையில் வைத்துவிட்டு, துளை துளையாகப் பார்த்துக்கொண்டு போனாள். பாதித் துளைகள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து எப்போதோ அடைத்துப்போனவை. அவற்றைக் குடைந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று அவளும் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டாள். ஆனால் பதினேழு அப்படியில்லை. இருப்பதிலேயே கொழுத்த துளை. கை வைத்தால் தள்ளிவிடும். இப்போது அதன் வாயில் சுண்ணாம்புப் பொருக்கு போர்த்தி, அதற்குக் கீழே ஒரு குமிழிகூட இல்லை.

பொருக்கை விலக்கி விரலை விட்டாள். கல் இல்லை. வழவழப்பாக, ஓரத்தில் ரப்பர் சுற்றி, மரம். டார்ச்சை அருகே கொண்டுபோனபோது மரத்தின் மேல் பச்சைப் பெயின்ட் தெரிந்தது.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். அணையின் படகுக்கு அடித்த பச்சை. போன வருடம் உடைந்த துடுப்பை வீட்டுப் பின்கட்டில் கொண்டுவந்து சாத்தி வைத்திருந்தார் ஒருத்தர்; கொஞ்ச நாளாக அது அங்கே காணவில்லை.

முக்கோணத்துக்கு அருகிலேயே எட்டுத் துளைகளில் ஆப்பு. பையிலிருந்த கோணி ஊசியால் நெம்பினாள், அளவுகோலின் முனையால் நெம்பினாள். சிம்பு உரிந்ததே தவிர அசையவில்லை. ஷட்டர்காரர் அடித்தது அசையுமா?

மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள், பக்கத்தில் பச்சைச் சிம்பு ஒன்றை வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். கை சோற்றிலேயே நின்றது.

“எட்டு,” என்றாள்.

“எட்டுதான்,” என்றார் அவர். “ஒம்பதாவதுக்குத் துடுப்பு பத்தல,” என்றார்.

“சிரிக்கச் சொல்றீங்களா?”

“உன் கால் இருந்த கோலத்துக்கு நான் சிரிச்சிட்டா இருந்தேன்? ராத்திரியெல்லாம் போர்வையில கால் படக்கூடாதுன்னு சுவத்துல தூக்கி வெச்சுட்டுக் கெடந்தியே. பூட்ஸ் கேட்டு ஆறு லெட்டர் போட்ட. ஒரு ஜோடி வந்துச்சா?”

“வரல.”

“அங்க எறங்கிப் பாத்தேன். நீ நிக்கிற எடத்துலதான் அத்தனையும் பொங்குது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஒழுகினா அடைக்கணும். முப்பது வருஷமா அதைத்தான் செய்யறேன். ரப்பர் சுத்தி, அளவு பாத்து, ஒரு சொட்டு வராம அடிச்சேன். வந்துச்சா ஒரு சொட்டு? சொல்லு.”

வேலையைப் பற்றிப் பேசும்போது அந்த நேரத்திலும் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினாள்.

“அது ஓட்டை இல்லீங்க. மூக்கு. ஷட்டர்ல ஒழுகினா நஷ்டம். அங்க ஒழுகலன்னாதான் ஆபத்து. மூணாவது ஊசி மூணரைல நிக்குது. என் காலு நனையக் கூடாதுன்னு ஊரையே தூக்கிப் பாக்கச் சொல்லிட்டீங்க அந்தத் தண்ணிகிட்ட.”

“எனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?”

“என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டா விட்டிருப்பியா?”



அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி. எடுத்துடறேன். வாரத்துக்கு ஒண்ணு. அளவு கொஞ்சம் கொஞ்சமா ஏறும், மழையில ஏறுதுன்னு போயிடும். யாருக்கும் தெரியாது. நான் ரிட்டயராக ரெண்டரை வருஷம் இருக்கு. வெளிய தெரிஞ்சா சஸ்பெண்டு. இந்தக் கவர்மென்ட் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான்.”

“எட்டு வாரத்துக்குள்ள குழு வந்துட்டுப் போயிடும். நாளை மறுநாள் வருது. நம்ம பொய்க் கணக்கைப் பாத்துட்டு இந்த அணைக்குக் கவலையே இல்லன்னு எழுதிட்டுப் போவாங்க. அடைஞ்ச துளையை அப்புறம் எவன் வந்து குடைவான்?”

“அப்ப என்னைப் புடிச்சுக் குடுக்கப் போற.”

“கையெழுத்துப் போட்டவ நான். ரெண்டு பேரையும்தான்.”

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். பேசிக்கொண்டே சாப்பிடும் மனுஷன் பேசாமலும் சாப்பிடாமலும் எழுந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

ஈரத்தலையோடு அலுவலகத்துக்குப் போனாள். சின்ன இன்ஜினியர் முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் நிறம் மாறியது.

“எட்டு ஆப்பா? நல்லாப் பாத்தீங்களா?”

“விரலை விட்டுப் பாத்தேன் சார்.”

“அம்மா, அந்த ரிப்போர்ட் தலைநகரம் வரைக்கும் போயிருக்கு. பெரியவர் கைகுலுக்கிட்டுப் போயிருக்காரு.” இல்லாத தூசியை மேஜையிலிருந்து தட்டினார். “குழு போகட்டும். மறுநாளே ஆள் வெச்சு எடுத்துடலாம். மூணு நாள்ல அணை விழுந்துடாதும்மா.”

“விழாது சார். மூணு மாசம் இருந்தாலும் விழாது. அதுதான் சார் பயமாயிருக்கு. விழலயேன்னு அப்படியே விட்டுடுவீங்க.”

“நான் சொன்னா நம்ப மாட்டீங்களா?”

“உங்களை நம்பறேன் சார். உங்களை மாத்திட்டு அடுத்து ஒருத்தர் வருவாரே, அவரை எப்படி நம்பறது?”

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது. பெரியவருக்கு போன் போட்டார். சுவர்ப்பக்கம் திரும்பி ஆறு தடவை “சரிங்க சார்” என்றார். திரும்பி, “கேலரி சாவியைக் குடுத்துடுங்க. நாளைக்கும் மறுநாளும் உங்களுக்கு லீவு,” என்றார்.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். புத்தகத்தைக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

அணைக்குக் கீழே முதல் தெருவில் அவள் நாத்தனாருக்குத் தையல் கடை. ஷட்டர்காரருக்குத் தங்கை, கட்டினவன் போன பிறகு மெஷினை வைத்துப் பிழைக்கிறவள். ஊசியைவிட வாய் கூர்மை. சாயங்காலம் கசிவுக்காரம்மா போனபோது பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த அண்ணியைப் பார்த்துவிட்டு ஒரு துணித் துண்டை எறிந்தாள்.

“துடைச்சிக்க. அது கிழிஞ்சதுதான். எங்கண்ணன் என்ன பண்ணான்?”

“உங்கண்ணன்தான்னு எப்படித் தெரியும்?”

“நீ தப்புப் பண்ணா அழுதுட்டு வருவே. அவன் பண்ணாத்தான் இப்படி மொறைச்சிட்டு வருவே.”

சொன்னாள். மெஷின் நின்றது.

“பைத்தியக்காரன்,” என்றாள் தையல்காரி. “சின்ன வயசுலயும் அப்படித்தான். அம்மா மேல சொட்டுதுன்னு கூரையில ஏறி அடைச்சான். மறுநாள் பாதிக் கூரை வந்துடுச்சு.” சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். “சொன்னா வேலை போயிடுமா?”

“போயிடும்.”

“வீடு?”

“அதுவும்.”

“அவன் என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லல. சாப்பிடல.”

தையல்காரி காலர் ஒன்றை எடுத்தாள், வைத்தாள். “எனக்கு அவன் ஒருத்தன்தான் அண்ணி. அவனைக் காட்டிக் குடுன்னு நான் எப்படி சொல்லுவேன்? என்கிட்ட வந்து எதுக்குக் கேக்கறே?”

“கேக்க வரல. நீ அவர் மூலமாக் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்.”

மழை தகரத்தில் அடித்தது. தையல்காரி திரும்பிப் பார்த்தாள். பின்சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் அணை.

“இருபது வருஷமா இதுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்து தைக்கறேன். ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. உள்ள நீ இருக்கேங்கற தைரியம்.” மறுபடி மெஷினை மிதித்தாள். “போ. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தையல் கோணிப் போகுது.”

குழு வந்த அன்று மழை விட்டிருந்தது. மூன்று ஜீப். பெரிய இன்ஜினியர் இஸ்திரி கலையாமல் முன்னால், சின்னவர் கோப்புகளைக் கட்டிக்கொண்டு பின்னால். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பழைய இன்ஜினியர், குடையை ஊன்றி நடக்கிற ஒல்லி மனுஷர். கேலரி வாசலில் கசிவுக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

“உங்களுக்கு லீவு குடுத்திருக்கில்ல?” என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே, பல்லுக்குள்.

“லீவுலதான் சார் வந்திருக்கேன். சும்மா பாக்க.”

தலைவர் நின்றார். “நீங்க யாரம்மா?”

“அளவு எடுக்கறவ ஐயா. இந்தப் புத்தகம் என்னோடது. இதுல கடைசி நாப்பத்தொரு நாள் தப்பு. நீங்க அதை நம்பக் கூடாது.”



“இவங்களுக்கு உடம்பு சரியில்ல சார், காய்ச்சல்ல இருந்து இப்பத்தான்...” என்று பெரியவர் ஆரம்பித்தார்.

“காய்ச்சல் காலுக்கு வந்தது சார். தலைக்கு வரல,” என்றாள். பின்னால் யாரோ ஒரு ஜீப் டிரைவர் சிரித்துவிட்டு இருமினான்.

தலைவர் ஊன்றியிருந்த குடையை டிரைவரிடம் கொடுத்தார். “எத்தனை படி?”

“இருநூத்திப் பதினாலு ஐயா. ஏர்றப்ப முந்நூறு.”

இறங்கினார்கள். பதினேழாம் துளைக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டுப் பொருக்கை விலக்கிக் காட்டினாள். தலைவரும் சிரமப்பட்டு உட்கார்ந்து விரலை விட்டார். அப்புறம் மூன்றாவது மீட்டரைப் பார்த்தார். ஊசி நாலைத் தொட்டிருந்தது. வெகு நேரம் பார்த்தார்.

“இதை எடுங்க,” என்றார்.

கூட வந்த இரண்டு ஆட்கள் கடப்பாரையால் முயன்றார்கள். பதினேழு அசையவில்லை. பதினெட்டு அசையவில்லை. ஒருத்தனுக்கு விரல் நசுங்கியதுதான் மிச்சம். சுவரில் மேலே பேசுகிற போன் இருந்தது. கசிவுக்காரம்மா அதைப் பார்த்தாள். அதை எடுத்தால் அப்புறம் திரும்ப முடியாது. யார் அடித்தது என்று இதுவரை அவள் வாயால் வரவில்லை.

எடுத்தாள்.

“ஷட்டர் ரூமா? எங்க வீட்டுக்காரர் இருக்காரா? கீழ வரச் சொல்லுங்க. அவர் அடிச்சது யாருக்கும் வர மாட்டேங்குது.”

பெரிய இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருவாரா என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு நாளாக முகம் கொடுக்காத மனுஷன். நான் இல்லை என்று மேலேயே உட்கார்ந்துகொண்டால் யார் என்ன செய்ய முடியும்? கேலரியில் ஒவ்வொரு சொட்டும் நாலு தடவை சொட்டியது. பிறகு வெகு மேலே படியில் செருப்புச் சத்தம். நிதானமாக, தயங்காமல், ஒரே சீராக.

கையில் தடித்த திருகாணி, இரும்புப் பட்டை, ஒரு சங்கிலி. ஷட்டர் அறையில் இருக்கும் சாமான் இல்லை அது. பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டியது. புது இரும்பின் பளபளப்பு போகவில்லை. நேற்றே செய்து வைத்திருக்கிறார்.

“கூப்பிட இவ்வளவு நேரமா?” என்றார் அவளிடம். வேறு யாரையும் பார்க்கவில்லை.

திருகாணியை ஆப்பின் தலையில் முறுக்கி இறக்கினார். பட்டையைக் குறுக்கே போட்டுச் சங்கிலியை மாட்டினார். “ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் தலைவரிடம். தலைவர் தள்ளி நிற்கவில்லை. ஒரு நெம்பு, இரண்டு நெம்பு. ஆப்பு பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பிக் கூரையில் மோதியது. பின்னாலேயே தண்ணீர் ஆள் உயரம் எழுந்து தலைவரைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டு முழங்கால் உயரத்தில் நின்று பொங்கியது. சின்ன இன்ஜினியர் கோப்புகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்க்க வேண்டுமே.

எட்டும் வந்தன. மூன்றாவது ஊசி சொல்லிவைத்தாற்போல் இறங்கத் தொடங்கியது. மூன்றரை. மூன்று. மூச்சு விடுகிற மாதிரி இறங்கியது.

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய இன்ஜினியர் அப்போதுதான் அவள் பக்கத்தில் வந்தார். குரல் தேனாக இருந்தது.

“நல்ல காரியம் பண்ணீங்கம்மா. ஆபத்து நீங்கிடுச்சு. இனிமே புத்தகத்துல ‘கருவிக் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ன்னு ஒரு வரி போட்டுடுங்க. அணையை முதல் பட்டியல்லயே சேர்க்கச் சொல்றேன். துளையெல்லாம் குடைஞ்சுடலாம். உங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணும் வராது. யாருக்கும் ஒண்ணும் வராது.”

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். இரக்கமுள்ள மனுஷர்தான், வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தார். ஷட்டர்காரர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கை நின்றதை அவள் கவனித்தாள்.

ஒரு வரி. அணைக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. ஆசையாக இருந்தது. அப்படி ஆசையாக இருந்தது.

“கருவி ஒழுங்காத்தானே சார் வேலை செஞ்சுது,” என்றாள் கடைசியில். “பாவம், அது ஒண்ணுதான் பொய் சொல்லல. அதும் மேல பழியைப் போட்டா, நாளைக்கு ஊசி ஏறினா ‘அது கோளாறு புடிச்ச மீட்டர்’னு சொல்லுவீங்க.”

“யாரும்மா சொல்லப் போறா?”

“இன்னொண்ணு இருக்கு சார். தொண்ணூத்திமூணு அணை. ஒவ்வொண்ணுலயும் என்னைப் போல ஒருத்தர் தண்ணியில நிப்பாங்க. அவங்களுக்கும் பூட்ஸ் வந்திருக்காது. அவங்க காலைப் பாத்துப் பொறுக்காத ஒரு ஆளு அங்கயும் இருப்பாரு. நீங்க கருவின்னு எழுதினா எல்லாரும் கருவியைப் பாப்பாங்க. ஆப்புன்னு எழுதினாத்தான் துளைக்குள்ள விரலை விடுவாங்க.”

“வீடு போகும். தெரிஞ்சுதான் பேசறீங்களா?”

அவள் மீட்டரின் தலையில் புத்தகத்தை விரித்து, பேனாவை உதறி, நின்றபடியே எழுதினாள். அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும். யாரும் தூரத்திலிருந்தே படிக்கலாம். ‘எட்டுத் துளைகளில் மரஆப்பு அடித்தது என் கணவர். அதன் பிறகு தினமும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். கேட்ட பூட்ஸ் வந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆறு கடிதத்தின் தேதிகள் கீழே.’ தேதிகளை எழுதினாள். ஒன்றுகூட மறக்கவில்லை.

ஷட்டர்காரர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் படித்தார். “மரம்னு மட்டும் போட்டா எப்படி? ரப்பர் சுத்தினதுன்னு எழுது. இல்லன்னா ஏதோ கத்துக்குட்டி அடிச்சதுன்னு நினைப்பாங்க,” என்றார். பேனாவை வாங்கி அவள் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.  

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம். வீடு போயிற்று. அவருக்குச் சஸ்பெண்ட், அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். தையல் கடைக்குப் பின்னால் ஒரே அறையில் மூன்று பேர். நாத்தனார் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது, சோறு போடாத நாளும் கிடையாது. தொண்ணூற்றுமூன்று அணைக்கும் ஓர் உத்தரவு போனது. பதினோரு அணைகளில் ஆப்பு இருந்தது. ஓரிடத்தில் கட்டை, ஓரிடத்தில் சிமெண்ட், ஓரிடத்தில் பழைய சட்டை சுற்றிய பாட்டில்.

ஆனால் அன்றைக்கு, அந்த நேரத்தில், இதெதுவும் அவளுக்குத் தெரியாது. கணுக்கால் வரைக்கும் தண்ணீர் ஏறியிருந்தது. புத்தகத்தில் அன்றைய அளவுக்கான கட்டம் காலியாக இருந்தது. அது ஒன்றுதான் தெரிந்தது.

முக்கோணப் பலகைக்குப் போனாள். பெரிய இன்ஜினியர் வாசல் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

“சார்,” என்று கூப்பிட்டாள். கேலரி அதை நாலு தடவை சொன்னது. “என் அளவைத்தான் யாரும் நம்ப வேண்டாம்னு ஆயிடுச்சே. இன்னைக்கு நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க.”

அவர் தலைவரைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்ட தலைவர், “போய்ப் பாருங்க,” என்றார்.

பெரிய இன்ஜினியர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஷூவாகக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தார். வைத்ததும் குளிரில் அவர் தோள் ஏறி இறங்கியது. குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது.

கசிவுக்காரம்மா பேனாவைக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“சத்தமாச் சொல்லுங்க சார்,” என்றாள். “தண்ணி ஓடற சத்தத்துல கேக்கல.”